63 நாள் இடைவெளி

என் அண்ணன் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு நெஞ்சு வலித்தது. கம்பெனி கொடுத்திருந்த மெடிக்கல் கார்டோடு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பில்லில் இருந்த தொகையைப் பார்த்து அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கைக்காசு பெரிதாகப் போகவில்லை. கார்டு பார்த்துக்கொண்டது.

சென்ற ஆண்டு பத்து காவானில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலை அண்ணனைக் கூப்பிட்டது. சம்பளம் 800 வெள்ளி கூடுதல், இரவு ஷிப்ட் கிடையாது. வேலைக் கடிதத்தோடு எச்.ஆர். ஒரு காப்புறுதிப் பாரமும் அனுப்பியிருந்தது. உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்கள் எவை என்று அதில் ஒரு கேள்வி. சின்னக் கம்பெனி. அவர்களுடைய குழுக் காப்புறுதியில், முன்பே இருந்த நோய்க்கு முதல் ஓராண்டு பாதுகாப்பு இல்லை. அண்ணன் பாரத்தை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தார். பிறகு மடித்து டிராயரில் போட்டுவிட்டார்.

"போகலடா. எண்ணூறு வெள்ளி நல்ல காசுதான். ஆனா ஒரு வருஷத்துக்கு நெஞ்ச எங்க கழட்டி வைக்கிறது?"

அரசாங்க மருத்துவமனை இருக்கிறதே என்றேன். இருக்கிறது. 1 வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்க்க முடிகிற நாடு இது. அந்த அருமை வெளியே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் வரிசையில் நிற்காமல் ஒருமுறை உயிர் பிழைத்தவருக்கு வரிசையைப் பற்றிய பயம் வேறு மாதிரி இருக்கிறது. நான் அவரோடு வாதாடவில்லை. அந்தக் கேள்வியை யார் முதலில் கேட்டார்கள், ஒருவருடைய வேலைக்கும் இதயத்துக்கும் இடையே இந்த முடிச்சை யார் போட்டார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தேன். முடிச்சு மிக இறுக்கமாக விழுந்தது அங்கேதான். அதை அவிழ்ப்பதற்கான சண்டை மிக நீளமாக நடந்ததும் அங்கேதான்.

ஆசிரியர்களின் ஐம்பது சென்ட்

1929ஆம் ஆண்டு. டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவமனை கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவர் ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல். அதற்கு முன்பு அவர் அந்நகரத்துப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். வசூலாகாத பில்களைப் புரட்டியபோது அவருக்குத் தெரிந்த ஆசிரியர்களின் பெயர்கள் அவற்றில் நிறைய இருந்தன. ஆசிரியர்களால் மொத்தமாகக் கட்ட முடியாது, ஆனால் மாதாமாதம் கொஞ்சம் கட்ட முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். ஆளுக்கு மாதம் 50 சென்ட். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 21 நாள் வரை மருத்துவமனைப் படுக்கை. ஏறக்குறைய 1,500 ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் அமெரிக்கா முழுக்கப் பரவிய புளூ கிராஸ் திட்டங்களுக்கு இதுதான் விதை.

கிம்பல் ஏன் தெருவில் போகிறவர்களிடம் 50 சென்ட் வாங்கவில்லை? இந்த வரலாற்றின் சாவி இந்தக் கேள்வியில் இருக்கிறது. தெருவில் கடை விரித்தால் நோயாளிகள்தான் முதலில் வருவார்கள். உடம்பு நன்றாக இருப்பவன் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று போய்விடுவான். பள்ளி ஆசிரியர்கள் பாடம் நடத்தக் கூடியவர்கள். காப்புறுதிக்காகக் கூடியவர்கள் இல்லை. அதனால் அந்தக் கூட்டத்தில் நோயாளியும் நலமானவரும் இயல்பான விகிதத்தில் கலந்திருப்பார்கள். காப்புறுதி வியாபாரத்துக்கு அப்படியொரு கலவை தேவை. அது மிக எளிதாகக் கிடைக்கும் இடம் வேலைத்தலம்.

இன்னொரு கதை 1933இல் நடந்தது. கொலராடோ ஆற்று நீரை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கொண்டுபோகும் கால்வாய் வேலை மொஹாவி பாலைவனத்தில் நடந்துகொண்டிருந்தது. அங்கே சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் டாக்டர் தொழிலாளர்களுக்காக ஒரு சின்ன மருத்துவமனை கட்டினார். அடிபட்டு வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பார். காப்புறுதி நிறுவனத்திலிருந்து காசு வர மாதக்கணக்கில் ஆகும். மருத்துவமனையை மூட வேண்டிய நிலை. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் முன்பணமாக வந்துவிடும். காயத்துக்கு அல்லாத மற்ற நோய்களுக்குத் தொழிலாளி தானே இன்னொரு 5 சென்ட் கொடுப்பார். இந்த ஏற்பாட்டைத்தான் தொழிலதிபர் ஹென்றி கைசர் தன்னுடைய அணைக்கட்டு வேலைக்கும், பிறகு போர்க்காலக் கப்பல் தளங்களுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

பாலைவனத்து மருத்துவமனையைப் பற்றிப் படிக்கும்போது நம் தோட்டத்து ஆஸ்பத்திரி நினைவுக்கு வராமல் இருக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

போர் போட்ட முடிச்சு

இதெல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுகள். 1940இல் அமெரிக்கர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட மருத்துவக் காப்புறுதி இல்லை. அதை மாற்றியது யுத்தம்.

1942இல் ஆண்கள் படைக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. சாதாரணமாக அப்படி ஒரு நேரத்தில் சம்பளத்தைக் கூட்டித்தான் ஆள் பிடிப்பார்கள். ஆனால் விலைவாசி ஏறிவிடும் என்று பயந்து, அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நியாயமான அளவுக்குள் இருக்கும் காப்புறுதிச் சலுகைகளைச் சம்பளமாகக் கணக்கிடவில்லை. முதலாளிகளுக்கு அந்தச் சந்து போதுமாக இருந்தது. சம்பளம் கூட்ட முடியாதா, சரி, மருத்துவக் காப்புறுதி தருகிறேன், வா. அடுத்து வரித்துறை வந்தது. முதலாளி கட்டும் காப்புறுதிச் சந்தாவுக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்ற நிலை வந்து, 1954இன் வரிச் சட்டத்தில் அது உறுதியானது. சம்பளமாகக் கொடுத்தால் வரி, காப்புறுதியாகக் கொடுத்தால் வரி இல்லை. தொழிற்சங்கங்களும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் அதைக் கேட்டு வாங்கின. 1960 வாக்கில் மூன்றில் இருவருக்கு மேல் ஏதோ ஒரு காப்புறுதி இருந்தது.

இடையில் வேறு ஒரு பாதையும் திறந்து மூடியது. போர் முடிந்த கையோடு, 1945 நவம்பரில், குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் எல்லோருக்குமான தேசியக் காப்புறுதியை முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதைச் சோஷலிச மருத்துவம் என்று சொல்லிப் பெரும் பணம் செலவழித்து எதிர்த்தது. திட்டம் படுத்துவிட்டது. 1965இல் முதியவர்களுக்கு மெடிகேரும் ஏழைகளுக்கு மெடிகெய்டும் வந்தன. வேலை செய்யும் வயதில் இருப்பவர் மட்டும் முதலாளியின் கையில் விடப்பட்டார். ஒரு நாட்டின் மருத்துவம் முழுக்க வேலையோடு கட்டப்பட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானித்ததாகத் தெரியவில்லை. போர்க்கால விதிவிலக்கு ஒன்றும் வரிச் சலுகை ஒன்றும் சேர்ந்து, கேட்பாரில்லாமல் ஒரு நாட்டின் அமைப்பாகிவிட்டன.

எரியும் வீடும் மாறிய கதவும்

'முன்பே இருந்த நோய்' என்ற விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நாம் கதையின் பாதியைத்தான் சொல்கிறோம். வீடு பற்றி எரியும்போது ஓடிப்போய்த் தீக் காப்புறுதி வாங்க முடிந்தால் யாரும் முன்கூட்டியே சந்தா கட்ட மாட்டார்கள். கட்டுகிறவர்கள் எல்லாம் எரிகிற வீட்டுக்காரர்களாக இருந்தால் நிதி காலியாகிவிடும். கிம்பல் தெருவைத் தவிர்த்து ஆசிரியர்களைத் தேடியதும் இதே கணக்கில்தான்.

ஆரம்பகாலப் புளூ கிராஸ் திட்டங்களில் ஓர் ஊரில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே சந்தா. 1940களில் வணிகக் காப்புறுதி நிறுவனங்கள் களத்தில் இறங்கின. அவை ஒவ்வொரு குழுவாகப் பார்த்து விலை வைத்தன. இளைஞர்கள் அதிகம் வேலை செய்யும் கம்பெனிக்குக் குறைந்த சந்தா. நலமானவர்கள் அந்தப் பக்கம் சாய, புளூ கிராஸும் வேறு வழியின்றி அதே பாதைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு குழுவுக்குள் நுழையும் ஒவ்வொரு நோயாளியும் அந்தக் குழுவின் செலவாகத் தெரிய ஆரம்பித்தார். சின்னக் கம்பெனிகளில் இது இன்னும் மோசம். இருபது பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் அடுத்த ஆண்டு எல்லோருடைய சந்தாவும் ஏறும். அதனால் வாசலிலேயே கேள்வி. உனக்கு ஏற்கெனவே என்ன நோய்?

இங்கேதான் நியாயம் தடம் புரள்கிறது. எரியும் வீட்டு உதாரணம் இதுவரை சந்தா கட்டாமல் இருந்துவிட்டு நோய் வந்தபின் ஓடிவருகிறவருக்குப் பொருந்தும். வேலை மாறுகிறவர் அப்படிப்பட்டவரா? அவர் பத்து, பதினைந்து ஆண்டுகளாகக் காப்புறுதிக்குள்ளேதான் இருந்திருக்கிறார். அவர் பேரில் மாதாமாதம் சந்தா போயிருக்கிறது. நலமாக இருந்த காலமெல்லாம் நிதிக்குக் கொடுத்தவர், நோய் வந்த ஒரு நாளில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மாறினார் என்பதற்காகப் புதியவராகிவிடுகிறார். சந்தாவின் கணக்கு மனிதரோடு சேர்ந்து நகராமல் முதலாளியிடமே தங்கிவிட்டதால் வந்த வினை இது. தாமதமாக வருகிறவரைத் தடுக்கப் போட்ட விதி, வெளியே போகாதவரின் காலில் விலங்காக விழுந்தது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. ஜாப் லாக். வேலைப் பூட்டு. 1991இல் நியூயார்க் டைம்ஸும் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் நடத்திய கருத்துக்கணிப்பில், பத்தில் மூன்று பேர் தாங்களோ தங்கள் வீட்டில் ஒருவரோ மருத்துவச் சலுகையை இழக்க பயந்து பிடிக்காத வேலையில் நீடிப்பதாகச் சொன்னார்கள். 1994இல் பொருளியலாளர் பிரிஜிட் மேட்ரியன் இதை எண்ணால் அளந்து காட்டினார். முதலாளி தரும் காப்புறுதியால் மக்கள் தாங்களாக வேலை மாறும் விகிதம் 25 விழுக்காடு குறைந்தது என்பது அவருடைய கணக்கு. அதாவது ஆண்டுக்கு நூற்றில் 16 பேர் மாற வேண்டிய இடத்தில் 12 பேர்தான் மாறினார்கள். மீதி நான்கு பேர் நம் அண்ணன்மார்.

நீடித்தவருக்கு நடந்தது

பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் பாதுகாப்பு உண்டா? அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதை ஜான் மெகானின் வழக்கு காட்டியது.

மெகான் டெக்சஸில் எச் அண்ட் எச் மியூசிக் என்ற நிறுவனத்தின் ஊழியர். 1987 டிசம்பரில் அவருக்கு எய்ட்ஸ் இருப்பது தெரிந்தது. நிறுவனத்தின் காப்புறுதித் திட்டத்தில் ஒருவர் வாழ்நாளில் 10 லட்சம் டாலர் வரை சிகிச்சைச் செலவு கோரலாம். மெகான் கோரிக்கைகளை அனுப்பினார். 1988 ஆகஸ்டில் நிறுவனம் திட்டத்தை மாற்றியது. வெளிக் காப்புறுதியை விட்டுவிட்டுத் தானே செலவை ஏற்கும் முறைக்குப் போனது. புதிய திட்டத்தில் எய்ட்ஸுக்கு மட்டும் வாழ்நாள் வரம்பு 5,000 டாலர். வேறு எந்தக் கொடிய நோய்க்கும் அப்படி ஒரு வரம்பு இல்லை. அந்த 5,000 டாலர் 1990 ஜனவரிக்குள் தீர்ந்துவிட்டது.

மெகான் வழக்குப் போட்டார். 1974இல் வந்த ஊழியர் சலுகைச் சட்டத்தின்படி முதலாளி தன் திட்டத்தை விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம், அது அவர் உரிமை என்று 1991 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பைக் கேட்க மெகான் இல்லை. அந்த ஆண்டு ஜூனிலேயே இறந்துவிட்டார். 1992இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று இரவு அண்ணனுடைய கார்டைப் பற்றி நினைத்தேன். அவர் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த பிளாஸ்டிக் அட்டை, ஒவ்வோர் ஆண்டும் கம்பெனி புதுப்பிக்கிற ஒன்று. புதுப்பிக்கும்போது நிபந்தனை மாறினால் அண்ணனைக் கேட்கப்போவதில்லை.

62 இரவுகள்

வாஷிங்டன் சும்மா இருக்கவில்லை. 1986 ஏப்ரலில் ரீகன் கையெழுத்திட்ட கோப்ரா சட்டம், வேலையை விட்டவர் பழைய முதலாளியின் குழுக் காப்புறுதியில் பெரும்பாலும் 18 மாதம் வரை தொடரலாம் என்றது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும். ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து முழுச் சந்தாவையும் அவரே கட்ட வேண்டும், நிர்வாகச் செலவுக்கு 2 விழுக்காடு மேலே. சம்பளம் நின்ற மாதத்தில்தான் அமெரிக்கர்கள் பலருக்குத் தங்கள் காப்புறுதியின் உண்மையான விலை தெரியவந்தது.

1993இல் கிளின்டன் எல்லோருக்கும் காப்புறுதி தரும் பெரிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது கவிழ்ந்தது. அந்த இடிபாட்டிலிருந்து எதையாவது மீட்கலாம் என்று குடியரசுக் கட்சியின் நான்சி காசெபாமும் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் சேர்ந்தார்கள். வேலை மாறுகிறவரின் பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1996 ஆகஸ்டில் அந்த மசோதா கீழவையில் 421க்கு 2, மேலவையில் 98க்கு 0 என்று நிறைவேறியது. ஆகஸ்ட் 21ஆம் தேதி கிளின்டன் கையெழுத்திட்டார். இன்றைக்கு அமெரிக்காவில் ஹிப்பா என்றால் நோயாளியின் தகவலை வெளியே சொல்லாதே என்கிற சட்டம் என்றுதான் சாதாரண ஆளுக்குத் தெரியும். அந்தத் தனியுரிமை விதிகள் 2003இல்தான் நடைமுறைக்கு வந்தன. பெயரில் நடுவே இருக்கும் 'ப' எழுத்துக்கு அர்த்தம் போர்ட்டபிலிட்டி. கூடவே எடுத்துக்கொண்டு போகும் வசதி.

சட்டம் செய்தது இதுதான். புதிய முதலாளியின் குழுக் காப்புறுதி, ஒருவர் சேர்வதற்கு முந்தைய ஆறு மாதத்தில் சிகிச்சையோ ஆலோசனையோ பெற்ற நோயை மட்டும்தான் 'முன்பே இருந்த நோய்' என்று சொல்லலாம். அதையும் அதிகபட்சம் 12 மாதம்தான் ஒதுக்கிவைக்கலாம். கர்ப்பத்தை முன்பே இருந்த நோய் என்று சொல்லக் கூடாது. சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதால்தான் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. முக்கியமான விஷயம் அடுத்தது. பழைய காப்புறுதியில் இருந்த ஒவ்வொரு நாளையும் அந்த 12 மாதத்திலிருந்து கழிக்க வேண்டும். ஓராண்டு பழைய இடத்தில் இருந்திருந்தால் புதிய இடத்தில் காத்திருப்பு பூஜ்யம். பழைய நிறுவனம், இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்கள் காப்புறுதியில் இருந்தார் என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். கிம்பல் காலத்திலிருந்து முதலாளியிடம் தங்கிவிட்ட கணக்கு, முதல் முறையாக ஒரு தாளில் எழுதப்பட்டு மனிதரின் கைக்கு வந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு காப்புறுதிகளுக்கும் இடையே 63 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தால் அதற்கு முந்தைய கணக்கு எல்லாம் அழிந்துவிடும். 62 நாள் என்றால் தப்பித்தாய். புதிய கம்பெனி வைக்கும் தகுதிகாண் காத்திருப்பு இந்த இடைவெளியில் சேராது. மற்றபடி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் வீட்டில் இருந்தவர், கம்பெனி மூடி வேலை தேடிக்கொண்டிருந்தவர், கோப்ரா சந்தா கட்டக் காசில்லாதவர், எல்லோருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டு சந்தா ஒரு பக்கம், 63 நாள் மறுபக்கம். தராசு 63 நாள் பக்கம் சாயும்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. குழுவிலிருந்து வெளியேறித் தனியாகக் காப்புறுதி வாங்க வேண்டியவருக்கும் சில நிபந்தனைகளோடு கதவைத் திறந்துவிடச் சொன்னது சட்டம். கதவருகே எவ்வளவு காசு வாங்கலாம் என்பதைச் சொல்லவில்லை. நிறுவனங்கள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வழக்கமான சந்தாவைப்போலப் பல மடங்கு கேட்டன. அப்படிப்பட்ட உரிமை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

சான்றிதழ் தேவைப்படாத நாள்

கதவையும் விலையையும் சேர்த்துத் தொட்டது ஒபாமா 2010 மார்ச் 23ஆம் தேதி கையெழுத்திட்ட சட்டம். 2014 ஜனவரி 1 முதல் முன்பே இருந்த நோயைக் காரணம் காட்டி ஒதுக்கவோ, கூடுதல் சந்தா வாங்கவோ முடியாது. அந்த ஆண்டு முடிவோடு ஹிப்பா சான்றிதழும் வழக்கொழிந்தது. எந்தத் தேதியிலிருந்து காப்புறுதி இருந்தது என்று யாரும் கேட்க முடியாதபோது அந்தத் தாளுக்கு வேலை இல்லை.

எரியும் வீட்டுக் கேள்விக்கு அந்தச் சட்டம் சொன்ன பதில், எல்லோரும் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும் என்பது. நியூயார்க் மாநிலம் 1993இல் கட்டாயம் இல்லாமல் கதவை மட்டும் திறந்து பார்த்தது. தனிநபர் காப்புறுதிச் சந்தா ஏறி, நலமானவர்கள் விலகி, அந்தச் சந்தை சுருங்கிப்போனது. அந்தப் பாடத்தால்தான் கட்டாயம் சேர்க்கப்பட்டது. காப்புறுதி வாங்காதவருக்கு அபராதம் என்ற அந்தப் பகுதிதான் மக்களுக்கு மிகவும் கசந்தது. 2019 முதல் மத்திய அரசின் அபராதம் பூஜ்யமாக்கப்பட்டது. ஆனால் முன்பே இருந்த நோய்க்கான பாதுகாப்பில் கை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. 2017 ஜூலையில் சட்டத்தை உடைக்கும் முயற்சி மேலவையில் ஒரே ஓட்டில் தோற்றது.

முடிச்சு அவிழ்ந்துவிட்டதா என்றால், தளர்ந்திருக்கிறது. இன்றும் ஏறத்தாழப் பாதி அமெரிக்கர்களின் காப்புறுதி முதலாளி வழியாகத்தான் வருகிறது. 2020 ஏப்ரல் என்ற ஒரே மாதத்தில், கோவிட் நடுவே, இரண்டு கோடிக்கு மேற்பட்ட வேலைகள் போயின. வேலையோடு காப்புறுதியை இழந்தவர் புதிய காப்புறுதிக்கு விண்ணப்பிக்க 60 நாள் உண்டு. எண் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கு

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன். காலனி ஆட்சியில் தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களுக்கு ஆஸ்பத்திரி வசதி தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. தோட்டத்து டிரசர், கசப்பு மருந்து, பிள்ளைப்பேற்று அறை பற்றியெல்லாம் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சொந்தச் சுகாதாரம் முதலாளியின் வேலிக்குள் இருப்பது நமக்குப் புதிதில்லை. வேலிக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு வீடும் மருந்தும் பள்ளியும் கைவிட்டுப் போயின. வேலை, கூரை, மருந்து மூன்றையும் ஒரே ஆணியில் மாட்டினால் ஆணி பிடுங்கப்படும் நாளில் மூன்றும் விழும்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1990இல் வந்த மெடிஷீல்டில் முன்பே இருந்த நோய்க்கு இடமில்லை. 2015 நவம்பர் 1ஆம் தேதி அது மெடிஷீல்டு லைஃப் ஆனது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் கட்டாயம், வாழ்நாள் முழுவதும், முன்பே இருந்த நோய்க்கும் சேர்த்து. கடுமையான நோய் இருந்தவர்கள் முதல் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்ட வேண்டும். அமெரிக்கா அபராதம் போட்டுப் பார்த்த கட்டாயத்தை இங்கே மத்திய சேமநிதியின் மெடிசேவ் கணக்கிலிருந்தே கழித்துக்கொண்டார்கள். எந்த முதலாளியிடம் வேலை செய்தாலும், செய்யாவிட்டாலும், அந்த அடிப்படை கூடவே வரும். அதற்கு மேல் தனியார் நிறுவனங்கள் விற்கும் பகுதியில் பழைய கேள்வி இன்னும் இருக்கிறது. அதனால்தான் அங்கிருக்கும் நண்பர்கள், வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த வலைக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து கட்டடம் கட்டும் தம்பிகளுக்கு முதலாளி வாங்கித் தரும் காப்புறுதிதான் எல்லாம். சட்டப்படி அதன் குறைந்தபட்ச ஆண்டு வரம்பு 2008 முதல் 15,000 வெள்ளியாக இருந்து, 2023 ஜூலையில் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதுவும் அதே ஆணியில்தான் மாட்டியிருக்கிறது. நோய் வந்து வேலை போனால் பெர்மிட்டும் போகும், விமானத்தில் ஊருக்குப் போகும்போது கார்டு கூட வராது. 1930களின் கப்பலை நினைத்துப் பார்க்காமல் என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

மலேசியாவில் ஏழைக்குக் கடைசிப் புகலிடமாகப் பொது மருத்துவமனை நிற்கிறது. அந்த ஒன்று இருப்பதால்தான் மெகானுக்கு நடந்தது இங்கே அப்படியே நடக்காது. ஆனால் மேலேயிருக்கும் தளத்தில், கம்பெனி கார்டு என்ற தளத்தில், அண்ணன் 1991இன் அமெரிக்கராகத்தான் நிற்கிறார். தனியாக ஒரு மெடிக்கல் கார்டு வாங்கலாமே என்று விசாரித்தோம். ரத்த அழுத்தம், இனிப்பு நீர், இதயம் போன்றவற்றுக்குப் பொதுவாக 120 நாள் காத்திருப்பு என்றார் முகவர். அது புதிதாக நோய் வருகிறவருக்கு. ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அந்தக் கணக்கே இல்லை.

போன வாரம் அண்ணனிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். ட்ரூமனையும் கிளின்டனையும் பொறுமையாகக் கேட்டார். 63 நாள் என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் அங்க இருந்திருந்தா, இந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை விட்டுட்டு அந்தப் பக்கம் திங்கக்கிழமை சேந்திருந்தா, ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்களா?"

"1996க்கு அப்புறம்னா, கேட்டிருக்க மாட்டாங்க. பதினாலு வருஷம் கார்டுல இருந்தேன்னு ஒரு பேப்பர் குடுத்தா போதும்."

எழுந்துபோய் டிராயரைத் திறந்து அந்தப் பாரத்தை எடுத்துவந்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எத்தனை நோய், எந்த ஆண்டு, எந்த டாக்டர், என்ன மருந்து என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இதுவரை எத்தனை ஆண்டு காப்புறுதியில் இருந்தீர்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூட அதில் இல்லை.